காந்தக் காம்பரா வடிவக்கா

இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஊக்கு குத்தாமல் சேலை கட்டத் தெரிந்த ஒரே பெண்பிள்ளை சண்முகவடிவுதான். ஊக்கு மட்டுமா? கொண்டை ஊசி இல்லை, இடுப்பில் சாவி இல்லை, மழைக்குக் குடை இல்லை. குடைக் கம்பி இரும்பு என்பதால், கொட்டுகிற மழையிலும் பிளாஸ்டிக் படங்கைத் தலையில் போர்த்திக்கொண்டுதான் நடப்பாள். சட்டைக் கொக்கிகளைப் பிய்த்து எறிந்துவிட்டு நாடா வைத்துத் தைத்திருக்கிறாள். தலவாக்கலையில் செருப்புக் கடை வைத்திருக்கும் பைஸர் அவள் தலை தெரிந்ததுமே ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துச் செருப்பின் அடியில் வைத்துக் காட்டுவார். ஒட்டாவிட்டால்தான் வியாபாரம்.

விஷயம் தெரியாதவர்கள் அவளுக்கு ஏதோ விரதம் என்று நினைப்பார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இனிச் சாமி பூதம் என்று இறங்கிவிட்டாள் போலும் என்று எண்ணுவதில் தப்பில்லை. ஆனால் அது சாமிக்கான விரதம் அல்ல. வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, தோட்டத்தின் மேற்பிரிவில், தேயிலை சரியாக வராமல் கைவிட்ட ஒரு மேட்டில் சின்னதாக ஒரு வீடு நிற்கிறது. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கும் அறையைக் காம்பரா என்பார்கள். அந்தப் பெயரையே இதற்கும் வைத்து, காந்தக் காம்பரா என்று அழைக்கிறார்கள். அதைக் கூட்டுகிறவள், பூட்டுகிறவள், அந்தப் பக்கம் வருகிறவர்களை மறித்து மடியில் என்ன என்று கேட்கிறவள் எல்லாம் வடிவுதான்.

உள்ளே ஒரு கற்றூண். தூணின் மேல் ஒரு கருவி. பூமியின் காந்தம் இந்த நிமிடம் எவ்வளவு இருக்கிறது என்று அது ஓயாமல் அளந்துகொண்டிருக்கும்; அளந்ததைத் தானாகவே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியும் விடும். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. பக்கத்தில் இரும்பு வந்தால், வந்தது இரும்பு என்று அதற்குத் தெரியாது. பூமிதான் மாறிவிட்டது என்று எண்ணிக்கொள்ளும். அதனால் சுவர் மண்கல், கதவுக்கு மர முளை, தவிர்க்க முடியாத இடங்களில் மட்டும் பித்தளை ஆணி. ரயில் பாதைக்கு எட்டாத, கரண்டுக் கம்பி போகாத இடம் தேடி அலைந்துதான் இந்த மேட்டைப் பிடித்தார்கள்.

பிடித்தவள் ரினோஸா. ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள், இப்போது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். காம்பரா கட்டிய நாளில், இரும்பு கிட்டவே வரக்கூடாது என்று அவள் காலையிலிருந்து தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்தவர்கள் நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு, அலவாங்கு என்கிற கடப்பாரையும் மண்வெட்டியுமாக அவள் கண் முன்னாலேயே திரிந்தார்கள். பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வடிவை, இவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வடிவு வாளியைத் தூரத்து மரத்தடியிலேயே வைத்துவிட்டாள். பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றி, ஒவ்வொருவருக்காக மேடேறி வந்து கொடுத்துவிட்டு, மறுபடி இறங்கிப் போனாள்.

"ஏன்க்கா இப்பிடி நடந்து சாகிறீங்க? வாளியக் கொண்டு வந்திரலாமே."

"கைப்பிடி இரும்பு மிஸ். நீங்கதானே இரும்பு வேணாம்னீங்க?"

"இன்னும் கருவியே வரல்லையே அக்கா."

"வந்த பொறகு கொண்டாரலாமா?"

"அப்பவும் கூடாது."

"அதான், இப்பவே பழகிக்கிறேன்."

ரினோஸா அப்போதே ஆளைத் தேர்ந்துவிட்டாள். படித்தவளா, கெட்டிக்காரியா என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. சொன்ன சொல்லை வாங்கி வைத்துக்கொள்கிற ஆள் ஒருத்தி வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள், கிடைத்துவிட்டாள்.

கிடைத்தவள் லேசுப்பட்ட ஆள் இல்லை. காம்பராவைச் சுற்றி வெள்ளைக்கல் அடுக்கி எல்லை போட்டாள். தோட்டத்துத் துரையானாலும் சரி, கைபேசியையும் பெல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கல்லைத் தாண்ட வேண்டும். அவள் புருஷன் அழகுமுத்து கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்கும் வேலை. சோறு கொண்டுவந்தால், கத்தியை மரத்தில் கொத்திவிட்டுத்தான் கிட்ட வருவான். கட்டின புருஷனையே மடியைத் தட்டிப் பார்க்கிற பொம்பளை என்று லயமே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுடைய கண்டிப்பு அவளையும் விட்டதில்லை. ஒருநாள் உச்சிவேளையில் ரினோஸாவுக்குப் போன் வந்தது. "மிஸ், இன்னிக்கு என் தலமயிருல ஒரு கிளிப்பு இருந்திருக்கு. மக வந்தப்ப குத்திவிட்டா. இப்பத்தான் கையில தட்டுச்சு. காலையிலேர்ந்து உள்ள போய் வந்திருக்கேன்." ரினோஸாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கிளிப்பைக் கருவி கவனிக்கக்கூட இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து, வடிவக்கா இரும்பு இல்லை என்று சொன்னால் அதற்கு மேல் விசாரணை கிடையாது என்று அவள் தன் கூட்டாளிகளிடம் சொல்லிவைத்தாள். வடிவுக்கு அது தெரிந்தபோது இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

எதற்காக இத்தனை பாடு என்று அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள். ரினோஸா அவள் தலையில் கிடந்த படங்கைக் காட்டித்தான் ஆரம்பித்தாள்.

"பூமிக்கும் இப்பிடி ஒரு படங்கு இருக்கு அக்கா. காந்தத்தால ஆன படங்கு. சூரியன் வெளிச்சத்த மட்டும் அனுப்பல்ல, ஒரு மாதிரிக் காத்தும் வீசுது. அது நம்ம மேல படாம இந்தப் படங்குதான் தடுக்குது. இனி என்ன செய்யப் போறாங்கன்டா, வானத்தில பெரிய பெரிய தட்டு விரிச்சு, அங்கேயே வெயிலைப் புடிச்சுக் கரண்டாக்கி, கண்ணுக்குத் தெரியாத கதிரா கீழ அனுப்பப் போறாங்க. மழை, ராத்திரி ஒண்டும் தடுக்காது. எண்ணெய் எரிக்கத் தேவையில்ல. நல்ல விஷயம்தான்."

"அப்பறம் என்ன மிஸ்?"

"அதக் கொண்டு போற ராக்கெட்டு, அது கக்குற புகை, அந்தக் கதிரு, எல்லாம் நம்ம படங்குக்குள்ளாலதானே போகணும்? படங்குக்கு என்ன ஆகும்? ஒண்டும் ஆகாதா, ஆகுமா? ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. அதுக்கு முந்தி எப்பிடி இருந்திச்சுன்டு அளந்து வச்சாத்தானே பிறகு கேக்கலாம்."

இந்த மலையைத் தேர்ந்ததற்கும் காரணம் இருந்தது. பூமியின் காந்த நடுக்கோடு இலங்கையை ஒட்டி ஓடுகிறது. அந்தக் கோட்டை ஒட்டி, நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் மட்டும் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி கிழக்கே பாய்கிறதாம். மேலே காற்று சூடானாலும் குளிர்ந்தாலும் அந்த ஆற்றில்தான் முதலில் தெரியும். "நம்ம தலைக்கு மேலயா?" என்று வடிவு வாயைப் பிளந்தாள். அதற்குப் பிறகு பல நாள், மேடேறி வரும்போதெல்லாம் நின்று வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நடப்பாள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. மிஸ் சொன்னால் இருக்கும்.

இப்படிச் சில வருடம் ஓடிய பிறகுதான் அந்தச் சோதனை வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு செயற்கைக்கோளை இந்துசமுத்திரத்துக்கு மேலே நிறுத்தியிருந்தார்கள். அது வெயிலைப் பிடித்து, கடலில் நிற்கும் ஒரு கப்பலுக்குக் கதிராக அனுப்பிப் பார்க்கும். ஒரு புதன்கிழமை விடியற்காலையில் தொடங்கி, அடுத்த வாரக் கடைசி வரைக்கும் விடாமல் நடக்கும். காந்தக் கோட்டை ஒட்டிய நாடுகளில் உள்ள எல்லாக் காம்பராக்களும் அந்த நாட்களில் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தத் தடவை ஒரு பிழையும் வரக்கூடாது என்று ரினோஸா இரண்டு தரம் போனில் சொன்னாள். வராது என்று வடிவு இரண்டு தரமும் சொன்னாள்.

செய்தி லயத்துக்கு வந்து சேர்ந்தபோது அது வேறு உடுப்புப் போட்டிருந்தது. யாரோ கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். வானத்திலிருந்து ஒரு நெருப்புத் தூண் நேராகக் கடலில் இறங்குகிறது. கொழுந்து கருகும் என்றார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் வெளியே வரக்கூடாது என்றார்கள். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் காளியாயி இதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டுவந்து வடிவின் வாசலில் கொட்டினாள். இருவரும் ஒரே நாளில் பேர் பதிந்து, ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்தவர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் வீட்டில் ரசம் கொதிக்கும்.

"ஏ புள்ள, அந்தக் காம்பராவுக்குள்ள காந்தம் வெச்சிருக்குல்ல? காந்தம்னா இழுக்கும்ல? மேலேர்ந்து வர்ற கரண்ட அது இழுத்துருச்சுன்னா அங்குன உக்காந்திருக்கிற ஒன் கதி என்னா?"

"அது இழுக்கிற காந்தம் இல்ல காளி. காந்தத்த பாக்கிற கருவி."

"பாக்குதோ, இழுக்குதோ. ஒரு வாரம் லீவு போட்டுட்டு வீட்ல கெட."

"இந்த ஒரு வாரத்துக்காகத்தான் இத்தன வருசமா குடை இல்லாம நனையிறேன்" என்று வடிவு சிரித்தாள். காளியாயி சிரிக்கவில்லை.

புதன்கிழமை விடிந்தது. வடிவு வழக்கம்போலப் போனாள். வாசலைக் கூட்டினாள், மூங்கில் இலையைப் பெருக்கித் தள்ளினாள். வானம் வானமாக இருந்தது. நெருப்பும் வரவில்லை, தூணும் வரவில்லை. வெள்ளைக்கல் ஓரமாக உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் ரினோஸாவின் போன். குரலில் ஒரு பதற்றம்.

"வடிவக்கா, கருவி வரையிற கோடு ஏறியிருக்கு. நேத்து விடியக்காலையில ஒரேயடியா ஒரு படி மேல ஏறி, அங்கேயே நிக்குது. கதிரு தொடங்கின நேரத்தோட ஒட்டி. மத்த இடத்தில ஒண்டிலயும் இப்பிடி இல்ல. ஆனா இதில ஒரு சந்தேகம் இருக்கு. மேல ஓடுற ஆறு ராத்திரியில வத்திரும். இது ராத்திரியும் அப்பிடியே நிக்குது. பாத்தா இரும்பு மாதிரித்தான் தெரியுது."

"என் காம்பராவுலயா மிஸ்?"

"கோவிக்காதீங்க அக்கா. ஒருக்காப் பாருங்க."

வடிவுக்குக் கோபம்தான் வந்தது. ரினோஸாவின் மேல் அல்ல, அந்தக் கோட்டின் மேல். போய் முட்டி போட்டுத் தேடினாள். தூணைச் சுற்றித் தடவினாள், கூரை மூங்கிலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், வெளியே புல்லை விரலால் கோதிக் கோதித் துழாவினாள். வாசற்படியை மட்டும் மிதித்துக்கொண்டே தேடினாள். படிக்குக் கீழே மண் கொஞ்சம் இளகியிருந்ததைக் கால் உணர்ந்தது. மழை ஈரம் என்று மனம் சொல்லிவிட்டது. ரினோஸாவைக் கூப்பிட்டாள்.

"ஒரு குண்டூசி இல்ல மிஸ். என் பேர்ல எழுதிக்குங்க."

"சரி அக்கா. நீங்க சொன்னாச் சரி. திங்கக்கிழமை எல்லா நாட்டு ஆக்களும் கம்ப்யூட்டர்ல கூடிப் பேசுறோம். இது கதிரால வந்ததாகவும் இருக்கலாம், இரும்பு இல்லைன்டு காவல் இருக்கிறவங்க பொறுப்பு எடுக்கிறாங்கன்டு சொல்லப் போறேன். எங்கட இடத்த வச்சுத்தான் இந்தச் சோதனையையே நிப்பாட்டுறதா வேணாமான்டு பேசுவாங்க." போனை வைத்த பிறகு வடிவுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. உலகத்துப் படித்தவர்கள் எல்லாம் கூடுகிற இடத்தில் தன் வாய்ச்சொல் போய் உட்காரப் போகிறது. யாருக்குத்தான் நிமிராது?

சனிக்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த காளியாயி நேராக வடிவின் வாசலுக்கு வந்தாள். வடிவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"தல சுத்து, மயக்கம் ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன்."

"வராது. வர விட்ருவாரா ரோதமுனி?" என்று காளியாயி பெருமையாகச் சிரித்தாள்.

தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்பார்கள். அங்கே ரோதை என்ற பெரிய சக்கரம் சுற்றிய காலத்திலிருந்து அதற்குக் காவல் இருக்கும் சாமி ரோதமுனி. இயந்திரம் ஆளைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. வானத்தில் போனாலும் மிஷின் மிஷின்தானே என்று லயத்துப் பெண்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். புதன்கிழமை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும் முன்னரே, வடிவு எழுந்து வருவதற்குள், நாலைந்து பேர் மேட்டுக்குப் போயிருக்கிறார்கள். நெருப்புத் தூண் எந்த நேரமும் இறங்கலாம் என்று நடுங்கிக்கொண்டேதான் போயிருக்கிறார்கள்.

"சாமி காலடியில கெடந்த பழைய ரோத போல்ட்டு. மஞ்சத்துணி சுத்தி, சூடம் காட்டி, ஒன் வாசப்படிக்குக் கீழ வெச்சிருக்கோம். இனி எது வந்தாலும் அதத் தாண்டி ஒன்னத் தொடாது."

வடிவின் முகத்தில் ஈயாடவில்லை. "காளி... அது இரும்புடி."

"சாமியோடது புள்ள."

"இரும்பு கொண்டாரக் கூடாதுன்னு நான் படிச்சுப் படிச்சு சொல்லலியா?"

"நீ சொன்னது எங்க இரும்பத்தானே? கத்தி, மம்பட்டி, ஊக்கு. அதெல்லாம் நாங்க ஒண்ணும் கொண்டு போகல. மரக்குச்சியிலதான் தோண்டினோம். சாமி இரும்பு எப்பிடி இரும்பாகும்?"

வடிவால் திட்ட முடியவில்லை. எரிந்து சாவோம் என்று பயந்தவர்கள், அந்தப் பயத்தோடு மேடேறிப் போய், ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று செய்த காரியம். அதிலும் அவளுடைய சட்டத்தை மதித்து மரக்குச்சியால் தோண்டியிருக்கிறார்கள். வடிவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அழகுமுத்துவிடம் சொன்னாள். அவன் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் வரைக்கும் யோசித்தான். கெட்ட மனிதன் இல்லை. பெண்டாட்டி மேல் உயிர்.

"இதுல யோசிக்க என்னா இருக்கு? அந்தக் கதிர எப்ப நிப்பாட்டுறாங்க?"

"அடுத்த வாரக் கடைசியில."

"அதுவரைக்கும் பேசாம இரு. நிப்பாட்டுற அன்னிக்கு நீயும் அதத் தோண்டி எடுத்துரு. கோடு எறங்கிரும். கதிர் வந்தப்ப ஏறுச்சு, போனப்ப எறங்குச்சு. ஒருத்தனும் ஒன்னைய ஒண்ணும் கேக்க மாட்டான். ஒன் வேலயும் போகாது, காளி பேரும் கெடாது."

அவன் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் கொடுமை. இரும்பைத் தள்ளி வைக்கத்தான் அவளை வேலைக்கு வைத்தார்கள். வாசற்படியிலேயே இரும்பு என்றால் அவள் எதற்கு? வேலை போனால் மறுபடி கொழுந்துக் கூடை, அதுகூடப் பெரிதில்லை. என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு இனி மிஸ்ஸிடம் எதைச் சொல்வது? சொன்னாலும் யார் நம்புவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுக்குப் போனாள். வாசற்படிக்கு முன்னால் குந்தி, விரலால் மண்ணைக் கொஞ்சம் விலக்கினாள். மஞ்சள் துணியின் நுனி தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டாள். பிடுங்கி எறிந்துவிட்டு, எடுத்துவிட்டேன் என்று சொன்னால் பாதித் தப்பாவது குறையும் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் எடுத்துவிட்டால், எது எங்கே எப்படிக் கிடந்தது என்பதற்கு அவள் வாய்தானே சாட்சி? அந்த வாய் ஏற்கெனவே ஒரு தரம் தவறிவிட்டது. மண்ணை மூடினாள். எல்லைக்கல்லுக்கு வெளியே வந்து, கைபேசி வைத்திருந்த இடத்துக்குப் போனாள்.

"மிஸ், நான் சொன்ன வார்த்த தப்பு. இரும்பு இருக்கு."

எங்கே என்று கேட்டாள் ரினோஸா.

"வாசப்படிக்குக் கீழ. புதங்கெழம விடியக்காலையில வெச்சிருக்காங்க. கெட்ட எண்ணத்தில வெக்கல, எனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. யாருன்னு மட்டும் கேக்காதீங்க. பாக்காம வாய விட்டது நானு. நாளைக்கி அந்தக் கூட்டத்தில இரும்பு இல்லன்னு நான் சொன்னதச் சொல்லிராதீங்க மிஸ். இருக்குன்னு சொல்லுங்க."

"நீங்க அத எடுத்திட்டீங்களா?" ரினோஸா அவசரமாகக் கேட்டாள்.

"இல்ல. நீங்க வந்து கண்ணால பாக்கிற வரைக்கும் கை வெக்க மாட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ரினோஸா. வடிவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்கா, கொழுந்து நிறுக்கிறப்போ கூடைக்குன்டு கழிப்பாங்கதானே? கூடை என்ன பாரம்ன்டு தெரிஞ்சாக் கழிக்கலாம். கூடையத் தூக்கி எறிஞ்சிட்டா எதக் கழிக்கிறது? அந்த இரும்பு அசையாம அங்கேயே கிடந்தா, அது எவ்வளவு ஏத்தியிருக்குன்டு பாத்துக் கழிச்சிரலாம். உங்கட நாள் ஒண்டும் வீணாப் போகல்ல. நீங்க மட்டும் இன்டைக்குச் சொல்லாம, நாளைக்கு நான் அந்தக் கூட்டத்தில வாயத் திறந்திருந்தா..." வடிவு மேட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கூட்டத்தில் ரினோஸா நடந்ததைச் சொன்னாள். இந்த இடத்தின் அளவுகளையே தள்ளிவிடலாம், ஆளுக்குப் பதிலாகக் கமெரா வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னாராம். இரும்பு வந்ததைக் கமெரா காட்டியிருக்கும், ஆனால் இல்லை என்று சொன்ன பிறகு இருக்கிறது என்று அதுவே போன் போட்டுச் சொல்லியிருக்குமா என்று ரினோஸா கேட்டாளாம். கொஞ்சம் வாதாடித்தான் காம்பராவையும் காவல்காரியையும் காப்பாற்ற வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ரினோஸா மேட்டுக்கு வந்தபோது, எல்லைக்கல்லுக்கு வெளியே லயத்துப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். யாரையும் காட்டிக்கொடுக்காமல் வடிவு வாயை மூடிக்கொண்டிருந்தாள். காளியாயியே முன்னால் வந்தாள்.

"நாந்தான் வெச்சேன் மிஸ். திட்டுறதுன்னா என்னைய திட்டுங்க. ஆனா இப்ப எடுக்க விட மாட்டேன். அந்தக் கதிர நிப்பாட்டுற வரைக்கும் சாமி அங்குனதான் இருக்கணும். இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து பாப்பீங்க?"

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன். முடியிற வரைக்கும் அத யாரும் தொட வேணாம்" என்றாள் ரினோஸா.

சண்டைக்கு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்த காளியாயிக்கு அப்படியே சப்பென்று போய்விட்டது.

சோதனை முடிந்த மறுநாள், சூடம் காட்டி, மரக்குச்சியாலேயே தோண்டி எடுத்தார்கள். ரினோஸா தூரத்தில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். காளியாயி போல்ட்டைப் பித்தளைத் தட்டில் வைத்து எல்லைக்கல்லைத் தாண்டியதும், ஏறி நின்ற கோடு இறங்கித் தன் பழைய இடத்துக்கு வந்தது. ஏறிய அளவுதான் இறங்கிய அளவும். அதைக் கழித்துப் பார்த்தபோது, அத்தனை நாளிலும் மேலே ஓடிய ஆறு எப்போதும் போலத்தான் ஓடியிருந்தது. மற்ற இடங்களிலும் அப்படியேதான். இந்தச் சின்னக் கதிர் பூமியின் படங்கை அசைக்கவில்லை. இதைவிடப் பெரியது வந்தால் மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை காம்பரா இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ரினோஸா போனாள்.

அடுத்த வாரம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பெண்கள் வடிவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இத்தன கூத்துக்கும் கடைசியில என்னாதான் கண்டுபிடிச்சாங்க?"

"ஒண்ணும் இல்லன்னு கண்டுபிடிச்சோம்" என்றாள் வடிவு.

குடங்கள் சரியச் சிரித்தார்கள். காளியாயிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கு ஒரு காம்பரா, ஒரு காவலு, அதுக்கு ஒரு மிஸ்ஸு! ஏன்டி, இல்லாததச் சொல்றதுக்கும் ஒரு ஆளு வேணுமா?"

"இருக்குன்னா எடுத்துக் காட்டிரலாம் காளி. இல்லங்கிறத எத எடுத்துக் காட்டுவ? சொல்றவ வாயத்தானே நம்பணும்."

சிரிப்பு நின்றது. காளியாயி, நிரம்பி வழிந்துகொண்டிருந்த வடிவின் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டாள்.